வாயை மூடிக்கொண்டு ஒரு படம்

சுவிசுக்கு யார் வந்தாலும் பனிமலைக்குக் கூட்டிக்கொண்டு போவது எங்கள் வழக்கம். ஊரிலிருந்து வந்தாலும் சரி, கனடாவிலிருந்து வந்தாலும் சரி, பயணக்களை தீர்ந்ததும் நிலவறையிலிருந்து பழைய ஜக்கெற்றுகளை எடுத்துக் கொடுத்து, கேபிள் காரில் ஏற்றி, பனிக்கு நடுவே நிறுத்திப் படம் எடுத்து, கீழே இறக்கிக் கொண்டுவந்துவிடுவோம். சேலைக்கு மேலே ஜக்கெற்றும் காலில் பேரப்பிள்ளையின் சப்பாத்துமாக நிற்கும் ஒரு மாமியின் படம் நாங்கள் இருக்கும் லாங்கன்தாலில் எல்லாத் தமிழ் வீட்டிலும் இருக்கும். இதுவரை அதை யாரும் குற்றம் என்று சொன்னதில்லை.

ஆகவே, என் மனைவி சுகந்தியின் தாய்மாமன் தம்பித்துரை அவர்களைப் பனிமலைக்குக் கூட்டிக்கொண்டு போனதை மட்டும் வைத்துத் தலைவி சிவகலா அக்காவும் விசாரணைக் குழுவில் இருக்கும் மற்ற இருவரும் என்னைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது. சொல்வதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. அவற்றைத் தவராஜா ஆகிய நானே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் ஒன்றியத்தில் எனக்கு எழுந்து நின்று பேசக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் இது. அதனால் கொஞ்சம் ஒழுங்காகவே சொல்ல விரும்புகிறேன்.

மாமா நல்ல மனிதர். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். அவர் ஒருவருக்கும் ஒரு தீங்கும் செய்ததில்லை, வாழ்த்துரை சொல்வதைத் தவிர. என் கலியாணத்தில் அவர்தான் வாழ்த்துரை. கடல்கொண்ட கண்டத்திலிருந்து ஆரம்பித்தார். சோழர்கள் கடாரத்துக்குக் கப்பலேறும்போது சோறு ஆறிவிட்டது. கப்பல் கரைக்கு வந்தபோது பந்தியில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு மாப்பிள்ளை இரண்டு வார்த்தை பேசுவதாக இருந்தது. நேரமில்லை என்று விட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை நான்தான். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை.

அதன் பிறகு மகளின் முதல் பிறந்தநாளுக்கும், அவள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கும், நாங்கள் வீடு வாங்கிக் குடிபுகுந்த நாளுக்கும் மாமா யாழ்ப்பாணத்திலிருந்து வீடியோ அழைப்பில் பேசினார். இடையில் இணைப்பு அறுந்துபோகும். திரும்பக் கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கமாட்டார். கண்டத்திலிருந்துதான் தொடங்குவார்.

இந்த நிலையில்தான் எங்கள் ஒரே மகள் அக்‌ஷயாவின் நடன அரங்கேற்றம் வந்தது. மாமா நேரிலேயே வருகிறேன் என்று விமானச் சீட்டு எடுத்துவிட்டார்.

அக்‌ஷயா எப்படிப் பழகினாள் என்பது உங்களுக்குத் தெரியாது. எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுக்காரிக்குச் சலங்கைச் சத்தம் ஆகாது. அதனால் பிள்ளை நிலவறையில் இருக்கும் சலவை அறையில் ஆடினாள். துணி துவைக்க எங்கள் வீட்டுக்கு முறை வரும் நாளில்தான் அந்த அறை எங்களுக்கு. மற்ற நாட்களில் யாராவது போர்த்துக்கேயப் பெண் துணி உலர்த்திக்கொண்டிருப்பாள். அவளிடம் கெஞ்சி அக்‌ஷயா ஒரு மூலையை வாங்கிக்கொள்வாள். இயந்திரம் சுழலும் சத்தத்திலேயே தாளம் பிடிக்கப் பழகியவள் என் மகள். எல்லாவற்றிலும் அவளுக்குப் பிடித்தது கடைசி உருப்படியான தில்லானா. அதன் ஜதிகளை யாதவி ரீச்சர் அவளுக்கென்றே கட்டியிருந்தார். அதை ஆடும்போது பிள்ளையின் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் சலவை அறை வாசலில் நின்று அழுதிருக்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எல்லாம் அவளுக்காகத்தான் செய்தேன் என்பதைக் குழு மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மண்டபம் எங்களுக்கு ஞாயிறு மாலை ஆறு மணி வரைதான். ஆறு மணிக்கு அந்த ஊர் யோடல் பாட்டுக் குழு ஒத்திகைக்கு வந்துவிடும். மண்டபப் பொறுப்பாளர் ஹெர் கெர்பர் ஆறு மணி என்றால் ஆறு மணிக்கு மேடை விளக்கையும் ஒலிபெருக்கியையும் நிறுத்திவிடுவார். அவரோடு கதைத்துப் பார்க்கலாம் என்று நினைப்பவர் சுவிசுக்குப் புதிது.

அக்‌ஷயாவுக்கு இது விளங்கியது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அப்பா, தில்லானாவுக்கு முன்னாலை தாத்தாவின்ரை வாழ்த்துரை இருக்கு. அவர் முடிக்காட்டி எனக்குத் தில்லானா இல்லை. பிட்டே, பிளீஸ், ஏதாவது செய்யுங்கோ.”

“மூத்த மனிசனைக் கதைக்க விடாமல் அரங்கேற்றமோ? சனம் என்ன சொல்லும்?” என்றாள் சுகந்தி.

மனைவி சொன்னதும் நியாயம், மகள் சொன்னதும் நியாயம். மாமாவுக்கு வாழ்த்துரை கொடுக்கவும் வேண்டும், அவர் அதைப் பேசாமல் இருக்கவும் வேண்டும். அப்போதுதான் எனக்கு டாவோஸ் ஞாபகம் வந்தது.

நான் சுவிசுக்கு வந்த புதிதில் டாவோசில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். ஒரு விடுமுறை நாள், கடும் தடிமனோடு, மூக்கு ஒழுக ஒழுக, மலைக்குப் போய் வந்தேன். இறங்கும் வழியில் இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. பிறகு பல நாள் எனக்கு உலகம் பஞ்சுக்குள்ளே வைத்ததுபோல் இருந்தது. சமையற்கட்டில் தலைமைச் சமையற்காரர் என்னைப் பார்த்துக் கத்துவார். அவருடைய வாய் திறந்து திறந்து மூடும், முகம் சிவக்கும், எனக்கு ஒன்றும் கேட்காது. என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை. ஆனால் நான் பேசினால் மட்டும் என் குரல் என் மண்டைக்குள்ளேயே கிணற்றுக்குள் கத்தியதுபோல் முழங்கும். அது பொறுக்காமல் நான் வாயே திறக்கவில்லை.

அப்போது ஒரு டொக்டர் எனக்கு எல்லாவற்றையும் படம் வரைந்து விளக்கினார். செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிரம்பிய ஒரு சின்ன அறை இருக்கிறது. அந்த அறையிலிருந்து தொண்டைக்கு ஒரு மெல்லிய குழாய். மலை ஏறும்போது வெளியே காற்றழுத்தம் குறையும். உள்ளே இருக்கும் காற்று விரிந்து குழாய் வழியாகத் தானே வெளியேறிவிடும். அதில் பிரச்சினை இல்லை. இறங்கும்போதுதான் சங்கடம். வெளியே அழுத்தம் கூடிக்கொண்டே வரும், செவிப்பறையை உள்ளே தள்ளும். அந்த அறைக்குள் காற்றுப் போக வேண்டும், ஆனால் குழாய் தானாகத் திறக்காது. விழுங்கினால் திறக்கும். எதையாவது மென்றால் திறக்கும். கொட்டாவி விட்டால் நன்றாகவே திறக்கும். தடிமன் பிடித்தவனுக்கு அந்தக் குழாய் வீங்கி ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே தடிமனோடு மலைக்குப் போகாதே, போனால் இறங்கும்போது தூங்காதே, வாயைச் சும்மா வைத்திருக்காதே என்றார். அவர் அதை எச்சரிக்கையாகத்தான் சொன்னார். இத்தனை வருடம் கழித்து எனக்கு அது ஒரு சமையற்குறிப்புப் போல் பயன்பட்டது.

மாமா வந்து இறங்கினார். அவருடைய உடம்பு கல்லுப் போல் இருந்தது. ஊரில் காலையில் கிணற்றில் அள்ளிக் குளிப்பவர். தடிமனுக்கு எங்கே போவது என்று யோசித்தேன். பிறகு பக்கத்துத் தெருவில் இருக்கும் ஜெனுசன் குடும்பத்தைச் சாப்பாட்டுக்கு அழைத்தேன். அவர்களுடைய பிள்ளைகள் எல்லாருக்கும் தடிமன். ஜெனுசன் தொலைபேசியில் பலமுறை சொன்னான்.

“வேண்டாம் அண்ணை, பிள்ளையளுக்குச் சுகமில்லை. மாமாவுக்குத் தொத்தீடும்.”

“அதுக்கென்ன, வாங்கோ. மாமாவுக்குப் பிள்ளையள் எண்டால் உயிர்” என்றேன்.

வந்தார்கள். கடைக்குட்டிக்குத்தான் மூக்கு அதிகம் ஒழுகியது. அவளைத் தூக்கி மாமாவின் மடியில் வைத்தேன். பாசமான பிள்ளை. மாமாவின் கன்னத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள். மாமா அவளுக்குக் கண்டத்தைப் பற்றிச் சொன்னார். அவள் அவருடைய முகத்துக்கு நேரே தும்மினாள். நான் இருவருக்கும் ஐஸ்கிறீம் கொடுத்தேன்.

சில நாளில் மாமா “அச்” என்றார். நான் மலைக்குச் சீட்டு எடுத்தேன்.

“தடிமனோடை மலைக்கு என்னத்துக்கு?” என்று சுகந்தி கேட்டாள். நல்ல காற்று சுகம் தரும் என்றேன். மாமாவும் ஆசைப்பட்டார். ஊரில் போய்ச் சொல்வதற்கு அவருக்குப் பனி வேண்டியிருந்தது.

மாமாவிடம் ஒரு பாதுகாப்பு இருந்தது. அவர் வெற்றிலை போடுபவர். நாள் முழுக்க மென்றுகொண்டிருக்கும் ஒருவருடைய காதை எந்த மலையாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் கேபிள் காரில் வெற்றிலைக்குத் தடை, கண்டால் இறக்கிவிட்டுவிடுவார்கள் என்று சொல்லி, வெற்றிலைப் பையை என் காருக்குள் வைத்துப் பூட்டினேன். மாமா சட்டத்தை மதிக்கிறவர். “நல்ல நாடு” என்றார்.

மேலே எல்லாம் நன்றாக நடந்தது. சுகந்தி கொண்டுவந்த மிக்சர்ப் பை ஊதிப் பெருத்துத் தலையணை மாதிரி ஆகியிருந்தது. மாமா அதைத் தட்டித் தட்டிப் பார்த்துச் சிரித்தார். நான் அவருக்கு ஆட்டிறைச்சிப் புரியாணியை இரண்டு முறை போட்டுக் கொடுத்தேன். தண்ணீர் குடித்துவிட்டுப் போத்தலை அவரே இறுக்கி மூடினார். கேபிள் கார் இறங்கத் தொடங்கியதும், நான் எதிர்பார்த்தபடி, தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார்.

“மாமாவை எழுப்புங்கோ, காது அடைக்கும்” என்றாள் சுகந்தி.

“பாவம், களைச்சுப் போனார். விடும்” என்றேன்.

அவருடைய மடியில் இருந்த போத்தல் மெல்ல மெல்லச் சப்பையாகிக்கொண்டு வந்தது. உள்ளே மலை உச்சியின் காற்று, வெளியே கீழ்நாட்டின் காற்று. அதன் வயிறு ஒட்டிப்போவதைப் பார்த்தபோது, மாமாவின் காதுக்குள்ளும் இதே வேலை ஒழுங்காக நடக்கிறது என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

பாதி வழியில் போத்தல் ‘டக்’ என்று நெளிந்தது. மாமா விழித்துக்கொண்டார். காதைத் தேய்த்தார். பிறகு அவருடைய தாடை மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது. ஒரு பெரிய கொட்டாவி வரப்போகிறது என்று கண்டுகொண்டேன். என் இத்தனை நாள் உழைப்பும் அந்த ஒரு கொட்டாவியில் போய்விடும்.

நான் கைபேசியைத் தூக்கினேன்.

“மாமா, வாயை மூடிக்கொண்டு ஒரு படம். அதிபர் மாதிரிக் கம்பீரமாய் இருங்கோ.”

நம் ஊர்ப் பெரியவர்கள் படத்துக்கு வாய் திறப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மாமா கொட்டாவியை விழுங்காமல் மூக்குக்குள் அனுப்பி, உதட்டை இறுக்கி, கம்பீரமாக இருந்தார். நான் ஒரு படம் எடுத்தேன். இன்னொன்று எடுத்தேன். “அசையாதேங்கோ மாமா, மலை வடிவாய் விழுது” என்று கீழ் நிலையம் வரும்வரை எடுத்தேன். அந்தப் படங்களைச் சுகந்திதான் ஆசையாகக் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். வரிசையாகப் பார்த்தால் மாமாவின் புருவம் படத்துக்குப் படம் மேலே ஏறிக்கொண்டு போகும். அவருக்குப் பின்னால் இருந்த கண்ணாடியில் நான் தெரிகிறேன் என்பதையும், எல்லாப் படத்திலும் என் வாய் சுவிங்கம் மெல்லுகிறது என்பதையும் கண்டுபிடித்தது நம் சிவகலா அக்கா. ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களுக்கு அந்தக் கண் இருக்கும். ஓம், மென்றேன். என்னிடம் இன்னும் ஒரு பக்கெற் இருந்தது.

கீழே இறங்கியதும் மாமாவிடம், “எப்பிடி மாமா மலை?” என்று கேட்டேன். “என்ன?” என்றார். மீண்டும் கேட்டேன். “இப்ப பசிக்கேல்லை” என்றார்.

இதில் கொடுமை எதுவும் இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை. டாவோசில் எனக்குக் கிடைத்த நிம்மதியைத்தான் நான் அவருக்குக் கொடுத்தேன். சுகந்தி பயந்துபோனாள். மறுநாளே மாமாவைக் காது டொக்டரிடம் நான் கூட்டிக்கொண்டு போனேன், மொழிபெயர்ப்பாளனாக. டொக்டர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, மூக்குக்குத் தெளிக்க மருந்து தருகிறேன், அடிக்கடி மெல்லுங்கள், விழுங்குங்கள், நன்றாகக் கதையுங்கள், தானே திறக்கும் என்றார். அது அரங்கேற்றத்துக்கு முன் திறக்குமா என்று நான் கேட்டேன். நம்பிக்கை வையுங்கள் என்று டொக்டர் என் தோளைத் தட்டினார்.

நான் மாமாவின் பக்கம் திரும்பி, “கதைக்கவே கூடாதாம் மாமா. கதைச்சால் காது போயிடுமாம்” என்று மொழிபெயர்த்தேன். இது என் மேல் இருக்கும் குற்றங்களில் பெரியது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவருக்கு அது கேட்கவில்லை. மூக்கு மருந்தைக் கொஞ்சம் பிந்தித்தான் வாங்கினேன்.

அடுத்த நாட்களில் எங்கள் வீடு அமைதியாக இருந்தது. மாமா யன்னலருகில் கதிரையைப் போட்டுக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார். அக்‌ஷயா என்னைக் கட்டிக்கொண்டு, “தாத்தா பாவம்தான். ஆனால் அப்பா, இனி தில்லானா இருக்குமெல்லோ?” என்று கேட்டாள். “இருக்கும்” என்றேன். அவள் சலவை அறைக்கு ஓடினாள். நான் குளியலறைக்குப் போய்க் கண்ணாடி முன் நின்று என் நன்றியுரையை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அரங்கேற்றத்தின் கடைசியில் தகப்பன் நன்றி சொல்வது வழக்கம்தானே.

மாமா வாய் திறப்பதை அரங்கேற்றத்துக்கு முதல் நாள்தான் கவனித்தேன். யன்னலைப் பார்த்தபடி மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கிட்டப் போய்க் கேட்டேன். கடல்கொண்ட கண்டம். என்னைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்தது.

“தம்பி, என்ரை குரல் இவ்வளவு நல்லாயிருக்கும் எண்டு எனக்கு இத்தனை நாளும் தெரியாது. உள்ளுக்கை கோயில் மண்டபத்திலை கதைக்கிற மாதிரிக் கேக்குது. வேறை ஒரு இடைஞ்சலும் இல்லை.”

நான் செய்த பிழை இதுதான். மண்டைக்குள் முழங்கும் சொந்தக் குரலை எல்லா மனிதரும் வெறுப்பார்கள் என்று நான் நினைத்துவிட்டேன்.

அரங்கேற்றத்தன்று அக்‌ஷயா ஆடியதை நீங்களே பார்த்தீர்கள். வர்ணத்துக்கு மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அதன் பிறகு அறிவிப்பாளர் நிருசன், “இப்போது வாழ்த்துரை” என்றான். அவன் பேச்சாளர் பெயரைச் சொல்லி முடிக்கும் முன்பே மாமா மேடையில் இருந்தார். அவருக்குக் கேட்டிருக்காது. நிருசனின் வாயைப் பார்த்தே போயிருக்க வேண்டும்.

கண்டத்தில் ஆரம்பித்தார். குரலைத் தாழ்த்தினார், உயர்த்தினார், நடுவில் நிறுத்தித் தன் குரல் உள்ளே அடங்குவதைக் கண்ணை மூடி ரசித்தார். வழக்கமாகச் சோழர் கப்பலேறும் இடத்தில் நிருசன் மணி அடித்தான். மாமாவுக்குக் கேட்கவில்லை. இன்னும் பலமாக அடித்தான். கடைசியில் ‘தயவுசெய்து முடிக்கவும்’ என்று எழுதித் துண்டு அனுப்பினார்கள். நம்முடைய மேடைகளில் பேச்சாளருக்குத் துண்டு வந்தால், விட்டுப்போன யாருடைய பெயரையாவது சொல்லச் சொல்லித்தான் வரும். மாமா கண்ணாடி இல்லாமல் அதைத் தூரப் பிடித்துப் பார்த்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“துண்டு வந்திருக்கு. நன்றி. இதிலை இருக்கிற பேரைக் கடைசியிலை சொல்லுறன்.”

சனம் கைதட்டியது, போதும் என்று சொல்லும் அந்தக் கைதட்டு. ஓசை இல்லாமல் கண்ணால் மட்டும் பார்த்தால் அதுவும் பாராட்டுத்தான். மாமா கைகூப்பி வணங்கினார். பிறகு சோழருக்கு இன்னும் ஒரு கப்பலைக் கட்டினார்.

ஆறு மணிக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. பின்கதவில் யோடல் குழுவினர் பூவேலைச் சட்டைகளோடும் ஒரு அக்கோர்டியன் வாத்தியத்தோடும் வந்து நிற்கத் தொடங்கினார்கள். ஹெர் கெர்பர் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றார். மேடையோரத் திரைக்குள் அக்‌ஷயா முழு அலங்காரத்தோடு நின்றாள். அவளுடைய கண்மை கரையத் தொடங்கியிருந்தது.

அந்தக் காதை அடைத்தவன் நான். அதைத் திறக்கத் தெரிந்தவனும் அந்த மண்டபத்தில் நான் ஒருவன்தான்.

முன்வரிசையில், மாமாவின் கண்ணுக்கு நேரே இருந்து, ஒரு கொட்டாவி விட்டேன். சின்னக் கொட்டாவி அல்ல. கடைவாய்ப்பல் தெரிய, கண்ணில் தண்ணீர் வர, கையை நீட்டி விட்டேன். கொட்டாவி தொற்றும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

“வாயை மூடுங்கோ, சனம் பாக்குது” என்று சுகந்தி முழங்கையால் இடித்தாள். இடித்துவிட்டு அவளும் கொட்டாவி விட்டாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த யாதவி ரீச்சரும் விட்டார். முன்வரிசை விட்டது. இரண்டாம் வரிசை விட்டது. அது கதிரை கதிரையாகப் பின்னால் போனது. மிருதங்கக்காரர் மேடையிலேயே விட்டார். கடைசியில் பின்கதவில் நின்ற அக்கோர்டியன்காரரும் வாயைத் திறந்தார்.

மாமா பேச்சை ஒரு கணம் நிறுத்தினார். “சபை முழுக்க வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கு. இது தமிழின்ரை பெருமை” என்றார். அப்படிச் சொல்லும்போதே அவருடைய தாடை மெல்ல இறங்கத் தொடங்கியது. மலையில் நான் தடுத்த அதே கொட்டாவி. இந்த முறை தடுக்க யாரும் இல்லை. ஒலிவாங்கிக்கு முன்னால், முழுதாக, நீளமாக விட்டார்.

அவர் முகம் மாறியது. தலையை ஒரு பக்கம் சரித்தார். அவருக்கு எல்லாம் ஒரே நேரத்தில் கேட்டது: நிருசனின் மணி, கைதட்டு, குழந்தைகளின் அழுகை, மூன்றாம் வரிசையில் யாரோ ஒருவர் “இந்த மனிசன் எப்பதான் நிப்பாட்டும்?” என்றது. ஐம்பது வருடமாக மேடையில் பேசுகிறவர் அன்றுதான் சபையின் குரலைக் கேட்டார் என்று நினைக்கிறேன்.

“பிழை விட்டிட்டன் பிள்ளையள். நிப்பாட்டுறன்” என்று சொல்லிவிட்டு இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போய் இருந்தார்.

மண்டபத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். தில்லானாவுக்கு வேண்டிய நேரம் தாராளமாக இருந்தது. அக்‌ஷயா திரைக்குள் சலங்கையைச் சரிசெய்து, என்னைப் பார்த்து, அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். நிருசன் தில்லானாவை அறிவிக்க ஒலிவாங்கியை எடுத்தான். மண்டபம் முழுக்க அமைதி. கலியாண நாளிலிருந்து ஒரு மண்டபம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

நான் போய் நிருசனின் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினேன். நன்றியுரை தில்லானாவுக்குப் பிறகுதான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஆறு மணிக்குப் பிறகு ஒலிபெருக்கி இருக்காது. இரண்டு வார்த்தைதானே என்று நினைத்தேன். டாவோசில் நான் கோப்பை கழுவிய காலத்திலிருந்து தொடங்கினேன். கண்டத்திலிருந்து தொடங்கவில்லை என்பதைக் குழு கவனிக்க வேண்டும்.

அக்‌ஷயா திரைக்குள்ளிருந்து கையை அசைத்தாள். பிள்ளை பெருமைப்படுகிறாள் என்று நினைத்தேன். பிறகு சலங்கைக் காலால் தரையில் தட்டினாள். எனக்கு ஆதரவாகத் தாளம் போடுகிறாள் என்று நினைத்தேன். பேச்சில் நான் அகதி முகாமிலிருந்து லாங்கன்தாலுக்கு வந்துகொண்டிருந்தபோது விளக்கு நின்றது. ஹெர் கெர்பர் மரியாதையாக, “எக்ஸ்கியூசி, ஹெர் தவராஜா” என்றார். யோடல் குழு என்னைத் தாண்டி மேடைக்கு ஏறியது.

உடை மாற்றும் அறையில் மாமா அக்‌ஷயாவின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். “என்னாலைதான் பிள்ளை. நான் இழுத்திட்டன். தாத்தாவை மன்னிச்சுக்கொள்ளு” என்று அழுதார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அவரைத் திருத்துவது மரியாதையாக எனக்குப் படவில்லை. அன்றிலிருந்து மாமா யாரோடும் அதிகம் கதைப்பதில்லை. காது முழுதாக ஆறும்வரை விமானம் ஏற வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டதால் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார்.

அக்‌ஷயா சலங்கையைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள். “தாத்தாவுக்குக் காது அடைச்சது, கேக்கேல்லை. உங்களுக்கு அடைக்கேல்லையே அப்பா. நான் தட்டினது ஏன் கேக்கேல்லை?” என்றாள். பிள்ளை களைத்துப்போயிருந்தாள். அதனால் நான் போய்க் காரைக் கொண்டுவந்தேன்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். தடிமனைப் பிடிக்க வைத்தது நான், வெற்றிலையைப் பூட்டியது நான், கொட்டாவியைத் தடுத்தது நான், டொக்டர் சொன்னதை மாற்றிச் சொன்னதும் நான். எல்லாம் என் மகளின் தில்லானாவுக்காக, அதற்காக மட்டுமே. மாமா அவ்வளவு நேரம் எடுத்திருக்காவிட்டால் என் மகள் ஆடியிருப்பாள். அன்று ஹெர் கெர்பர் நிறுத்தியதால் லாங்கன்தாலுக்கு வந்த பிறகு நடந்தவற்றை என்னால் சொல்ல முடியாமல் போய்விட்டது. குழு அனுமதித்தால் அதை இங்கேயே சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். டாவோசிலிருந்து தொடங்கினால்தான் விளங்கும்.

சிவகலா அக்கா துண்டு அனுப்பியிருக்கிறார். நன்றி அக்கா. அதில் இருக்கும் பெயரைக் கடைசியில் சொல்கிறேன்.